தேதி போட்ட தலைவலி

என் அண்ணனுக்குத் தொழிற்சாலையில் 'ஜன்னல் சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அது கண்ணாடி பாட்டில் செய்கிற தொழிற்சாலை. ஒரு கோடியில் உலையிலிருந்து செக்கச்செவேலென்று கண்ணாடிக் குழம்பு சொட்டும். மறுகோடியில் அதுவே பாட்டிலாகி, அட்டைப் பெட்டிக்குள் ஏறி, லாரியில் போகும். இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல், நுழைவாயிலை ஒட்டிய சின்ன அறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். டைம் ஆபீஸ். யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். வெளியே நிற்பவர்களோடு பேச ஒரு ஜன்னல். அதன் மேல்பாதியில் உருவம் தெரியாத சொரசொரப்புக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. அதனால் அண்ணனுக்கு ஆட்களின் முகம் தெரியாது, கைகள்தான் தெரியும். உலைக்காரர் கையில் முடியே இருக்காது, பொசுங்கிப் போயிருக்கும். பெட்டி ஒட்டுகிற பெண்களின் விரல் நுனிகளில் பசை காய்ந்திருக்கும். "மூஞ்சியப் பார்த்தா பொய் சொல்லத் தோணும். கைய மட்டும் பார்த்தா சண்டையே வராது" என்பார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருஷங்களில் அண்ணன்தான் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார். பெண் பார்க்கிற வயசு அந்தக் கட்டிலைச் சுற்றியே நடந்து முடிந்துவிட்டது. அம்மா போனபிறகு யாராவது பேச்சை எடுத்தால், "இனிமே என்னத்த, விடுங்க" என்று எழுந்து போய்விடுவார். எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் கீழே. சாப்பாடு ஒன்றாக.

தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு மேனேஜரம்மா வந்தார். கெட்டிக்காரர், நியாயமானவர் என்றுதான் பெயர். வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தார். திங்கட்கிழமை வந்தால் பாதிப் பேருக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் தேறிவிடுகிறார்கள். அதுவரை மூன்று நாளைக்கு மேல் படுத்தால்தான் டாக்டர் சீட்டு கேட்பார்கள். அந்தம்மா அதை மாற்றினார். இனி ஒரே நாள் லீவானாலும் டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டில் லீவு போட்ட அதே தேதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்ற நாள். அப்படி அடுத்தடுத்து நேர்ந்தால் மெமோ.

தொழிற்சாலைக்கு எதிர்த்தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். பாவம், அவர் என்ன பாவம் செய்தாரோ. மறுநாளிலிருந்து அவர் வாசலில் கூட்டம். வயிற்றுப்போக்குக்காரர் பாதியில் எழுந்து ஓடி, திரும்பி வந்து, "என் இடம் இதுதாங்க" என்று சண்டை போடுவார். சளிப்பிடித்தவர் அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போவார். உடம்புக்கு ஒன்றுமே இல்லாதவர்கள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார்கள். டாக்டர் பார்த்தார், வந்தவர்களுக்கெல்லாம் மூன்று நாள் ஓய்வு என்று எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதினால்தானே மறுநாள் அவனே மறுபடி வரமாட்டான்?

அந்தச் சீட்டுகளெல்லாம் அண்ணனின் ஜன்னலுக்கு வந்தன. அண்ணன் தேதியைப் பார்ப்பார், முத்திரையைப் பார்ப்பார், கையெழுத்தைப் பார்ப்பார், பதிந்துகொள்வார். அப்படித்தான் ஒருநாள் அந்தக் கை உள்ளே வந்தது.

பாட்டில்களைச் சரிபார்க்கிற பகுதியில் வேலை செய்யும் பெண் அவர். அங்கே ஒரு பெரிய வெள்ளை வெளிச்சப் பலகை உண்டு. அதன் முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும். எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி, கோணல் கழுத்து எதைக் கண்டாலும் விரலால் ஒரு தட்டு. பாட்டில் கீழே தொட்டியில் விழுந்து நொறுங்கும். நாள் முழுக்க அந்த வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்து அவருக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிட்டது. வந்தால் ஒரு நாள் முழுக்க ஆளைச் சாய்த்துவிடும். மறுநாள் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வருவார். தொழிற்சாலையே அவரை 'கூலிங்கிளாஸ் அக்கா' என்றது. அவரைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதல் முறை சீட்டை நீட்டியபோது அந்தக் கை திறப்பைத் தடவித்தான் கண்டுபிடித்தது. அண்ணன் பதிந்துகொண்டு, வழக்கமில்லாத வழக்கமாக ஒரு வார்த்தை கேட்டார்.

"இப்ப பரவாயில்லையா?"

போகத் திரும்பிய கை மறுபடி திறப்பின் விளிம்பைப் பிடித்தது. வெளியிலிருந்து குரல் சொன்னது: "இந்த ஜன்னல்ல இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல சார்."

அவ்வளவுதான் நடந்தது. அண்ணன் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது அண்ணன் குனிந்து பார்த்தார். திறப்பு வழியாக முகவாய் தெரிந்தது, கருப்புக் கண்ணாடியின் கீழ்விளிம்பு தெரிந்தது. "வலி எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அவர் சொன்னார்: "முதல்ல ஓரத்துல ஒரு மின்னல் மாதிரி சார். நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும். அப்புறம் பாதி உலகம் காணாமப் போயிடும். எதிர்ல ஒருத்தர் நின்னா ஒரு கண்ணு இருக்கும், ஒரு கண்ணு இருக்காது. அதுக்கப்புறம்தான் வலி. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு இருட்டுல கிடந்தா போதும், தானாப் போயிடும். ஆனா கிடக்க விடறாங்களா? எழுந்து, வெயில்ல நடந்து, டாக்டர்கிட்ட போய் எனக்குத் தலை வலிக்குதுன்னு சொல்லணும். அவரு என் தலையப் பார்ப்பாரு. தலையில என்ன தெரியும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அண்ணன் அந்தச் சிரிப்பை எனக்குச் செய்துகாட்ட முயன்றார். வரவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், சட்டையில். அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போடுகிற ஆளே இல்லை. தலையணைக்கு அடியில் மடித்து வைப்பார், அதுதான் அவருடைய இஸ்திரி. ஒருநாள் காலையில் பார்த்தால் என் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறார்.

"என்னண்ணா, ஆபீஸ்ல விசேஷமா?"

"விசேஷம் என்ன விசேஷம். சட்டை கசங்கியிருந்துச்சு."

"இத்தனை வருஷமா கசங்காமலா இருந்துச்சு?"

என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு எட்டிப்பார்த்தார். "விடு. மச்சானுக்கு இப்பத்தான் துணியில சுருக்கம் கண்ணுக்குத் தெரியுது" என்றார். அண்ணனின் காது சிவந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து நல்ல இலையையும் காம்பையும் ஒன்றாகக் கலந்துகொண்டே சொல்லத் தொடங்கினார். சொல்லிமுடித்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "இதுல ஒரு கேவலம் இருக்கு, தெரியுமா?" என்றார்.

"பிடிச்சிருக்குன்னு சொல்றதுல என்ன கேவலம்?"

"அது இல்ல. அவங்க நல்லா இருந்தா நான் அவங்களப் பார்க்க முடியாது. போன வாரம் பூரா அவங்க வரல. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஜன்னலையே பார்த்துட்டிருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது. நான் எதுக்குக் காத்துட்டிருக்கேன்? அவங்களுக்குத் தலைவலி வரணும்னுதானே?"

கீரையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு தவிப்பு தெரிந்தது. சாப்பிடும்போது பாதியில் கை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்த நாளில், அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போதே முகம் சொல்லிவிடும். முகம் மலர்ந்திருக்கும், அடுத்த நிமிஷமே மலர்ந்ததற்காக வாடியிருக்கும். இரண்டையும் ஒரே முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மழைக்கு முந்திய புழுக்கமான நாட்களில் ஒரு காலை, அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தபோது நீட்டிய கையில் முழங்கைவரை கட்டு. முகவாயில் சிராய்ப்பு.

"என்ன ஆச்சு?" என்று அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

"முந்தாநேத்து வலி சார். டாக்டர் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்காராம். சரி, பெரிய ரோட்டுல இன்னொருத்தர் இருக்காரேன்னு நடந்தேன். அதுக்குள்ள பாதிப் பார்வை போயிடுச்சு. நடைபாதைய வெட்டிப் போட்டிருந்தாங்க. அந்தப் பக்கம்தான் எனக்கு உலகமே இல்லையே. விழுந்துட்டேன். யாரோ தூக்கி வீட்டுல கொண்டுபோய் விட்டாங்க. நேத்துதான் டாக்டரைப் பார்த்தேன். அதனால தேதி தப்பா இருக்கும். எனக்குத் தெரியும். நீங்க வாங்கமாட்டீங்க. இருந்தாலும் கொண்டுவந்தேன்."

இது அவருக்கு முதல் தப்புத் தேதி இல்லை. எழுந்திருக்கவே முடியாமல் போன நாட்கள் ஏற்கெனவே உண்டு. இன்னொன்று சேர்ந்தால் மெமோ. அந்த மெமோவை டைப் அடிக்கிறவர் அண்ணன்தான்.

அண்ணன் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். அந்தக் கதவு வழியாகத் தொழிலாளிகள் யாரும் உள்ளே வந்ததில்லை. தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் திறப்பு வழியாக எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதை நான் பதிய முடியாது. ஆனா திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன்."

"அப்ப என்ன சார் பண்ணுவீங்க?"

"தெரியல. மேல போய்ட்டு வர்றேன்."

மேனேஜரம்மாவின் அறைக்கு அண்ணன் கூப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை. அந்தம்மா சீட்டைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சீட்டை மேஜையில் வைத்தார்.

"எதிர்த்தெரு டாக்டர் போன வாரமே எனக்குப் போன் பண்ணினார். என் வேலை வைத்தியம் பார்க்கிறது, உங்க ஆளுங்களுக்கு ஹாஜர் எடுக்கிறது இல்லைன்னு கத்தினார். அன்னியிலிருந்து உறுத்திட்டுத்தான் இருக்கு. ஆனா ஏமாத்தறவங்கள என்ன பண்றது? அவங்களுக்காகத்தானே இதைப் போட்டேன்?"

அண்ணன் சொன்னார்: "ஏமாத்தறவங்க நல்லாத்தான் இருக்காங்க மேடம். அவங்களால நடக்க முடியுது, வரிசையில நிக்க முடியுது, சரியான தேதியில சீட்டு வாங்கிக் கொடுத்துடறாங்க. எழுந்திருக்கவே முடியாதவங்கதான் மாட்டிக்கறாங்க."

அந்தம்மா பேனாவை மேஜையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நேரடியாக விஷயத்துக்கு வந்தார். ஒரு நாள், இரண்டு நாள் லீவுக்குச் சீட்டு வேண்டாம். காலையில் போன் பண்ணிச் சொன்னால் போதும். யாராவது அடிக்கடி சொன்னால் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிக்கொள்ளலாம். மூன்றாம் நாளிலிருந்து சீட்டு. இந்தப் பெண்ணின் பழைய நாட்களையும் சரியாகப் பதிந்துவிட வேண்டியது.

"போனை யாரு எடுக்கறது?" என்று கேட்டார் அந்தம்மா. "டைம் ஆபீஸ்தானே? உங்க மேஜையில ஒரு போன் இருக்கே."

இந்த இடத்தை அண்ணன் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் இதே இடத்தில் நிறுத்தி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருட்டறையில் படுத்துக்கொண்டு அந்தப் பெண் கூப்பிடும் குரல் நேராகத் தன் காதுக்கு வந்துவிடும். யாரும் தப்புச் சொல்லப்போவதில்லை.

"இல்ல மேடம்," என்றார் அண்ணன். "அந்தந்தப் பகுதி சூப்பர்வைசர் எடுக்கட்டும். அவங்களுக்குத்தான் யாரை எங்க மாத்தி உக்கார வைக்கணும்னு தெரியும். என்கிட்ட சொல்லி, நான் அவங்ககிட்ட சொல்லி, அதுக்குள்ள பாட்டில் ஓடிப்போயிடும்."

"அதுவும் சரிதான்" என்றார் அந்தம்மா.

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிடவில்லை. "ஏன்ணா சொன்னே? போன் உன்கிட்டயே இருந்திருக்கலாமே" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அவங்களுக்கு வலி வந்தா எனக்குச் சந்தோஷம் வருதே, அது நிக்கணும்ல" என்றார்.

தவிப்பு நிற்கவில்லை என்பது வேறு விஷயம். சந்தோஷம்தான் நின்றது.

புது ஏற்பாடு தொடங்கியதும் டைம் ஆபீஸ் ஜன்னல் வெறிச்சோடிப் போனது. திங்கட்கிழமை லீவு பயந்ததுபோல் பெருகவும் இல்லை, முழுக்க ஒழியவும் இல்லை. எதிர்த்தெரு டாக்டர் நடைக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் வந்து, "நல்ல காரியம் பண்ணீங்க சார், நான் இப்ப மதியத்துல தூங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் நிறையப் புத்தகம் படித்தார். யாராவது வந்து நின்றால் கையைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து முகத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கூலிங்கிளாஸ் அக்காவுக்கு எத்தனை தடவை தலைவலி வந்தது, எந்த நாளில் வந்தது என்பதெல்லாம் மாதக் கடைசியில் சூப்பர்வைசர் அனுப்பும் தாளில்தான் தெரிந்தது. வந்து போன வலி. விசாரிக்கவும் முடியாது.

நானே ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "உனக்குக் கால் இல்லையா? காண்டீன்ல ரெண்டு பேரும்தானே சாப்பிடறீங்க? எழுந்து போய்ப் பேசேன்."

"காண்டீன்ல ஆபீஸ்காரங்க ஒரு பக்கம் உக்காருவோம், அவங்க ஒரு பக்கம்."

"நடுவுல ஆறு ஓடுதா?"

அதற்கும் சில வாரம் எடுத்துக்கொண்டார். ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். பெஞ்சு நிறையப் பெண்கள்.

"என்ன சார், யாரைத் தேடறீங்க?" என்றார் கூலிங்கிளாஸ் அக்கா. அன்று கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"யாரையும் இல்ல. சாப்பிட வந்தேன்."

"உங்க பக்கத்துல இடம் இல்லையா?"

"இருக்கு. நிறைய இருக்கு."

பெட்டி ஒட்டுகிற ஒரு பெண் நகர்ந்து இடம்விட்டுச் சொன்னாள்: "உக்காருங்க சார். நின்னுட்டே சாப்பிட்டா அப்புறம் வயித்து வலிக்கும் சீட்டு வாங்கணும்." பெஞ்சே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார், அதனால் உட்கார முடிந்தது.

பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர் முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்குவார், அண்ணன் அதை எடுத்துக்கொள்வார். அண்ணன் படித்த கதையைச் சொல்வார், அவர் பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்து அண்ணன் அந்தத் துணுக்குகளையெல்லாம் என்னிடம் ஒப்பிப்பார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் மாடியறைக்கு வெள்ளையடிக்கலாமா என்றுகூடக் கேட்டேன்.

ஒருநாள் அண்ணன் கேட்டே விட்டார். எப்படிக் கேட்டார் என்று சொல்லமாட்டேன் என்கிறார். ஆனால் அந்தப் பெண் சொன்ன பதிலை எழுத்து மாறாமல் சொன்னார்.

அவருக்குக் கல்யாணமாகியிருந்தது. கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடல், பாதி வீடு. ஒருமுறை போனவர் திரும்பவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் கரைக்கு இறங்கினார், கப்பல் கிளம்பும்போது ஏறவில்லை. கம்பெனிக்காரர்களுக்கு அதற்குமேல் தெரியவில்லை. பல வருஷம் ஆகிவிட்டது.

"கோவிச்சுட்டுப் போனவர் இல்ல சார்," என்றாராம் அவர். "சண்டை போட்டுப் போயிருந்தா நானும் கதவைச் சாத்திட்டு என் வேலையப் பார்த்திருப்பேன். வந்ததும் அந்த அலமாரிக் கதவை ரிப்பேர் பண்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் இன்னும் அதே வீட்டுலதான் இருக்கேன். எதிர்க்கடையில ஒரு பெரிய விளக்குப் பலகை வெச்சிருக்காங்க, அணைஞ்சு அணைஞ்சு எரியும். என் தலைக்கு அது எமன். எல்லாரும் வீட்டை மாத்துன்னு சொல்றாங்க. மாத்தினா அவருக்கு எப்படித் தெரியும்?"

இதையும் சொன்னாராம்: "உங்களப் பிடிக்காம இல்ல. அதுதான் கஷ்டமே."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். "அப்ப நீ என்ன பண்ணப்போறே?" என்றேன்.

"நான் என்ன பண்றது? அந்த விளக்குக்கு ஏதாவது பண்ணணும்" என்றார் அண்ணன்.

கடைத்தெருவில் அலைந்து கனமான கருப்புத் துணி எடுத்துவந்தார். நான்தான் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான், என் வீட்டுக்காரர், அண்ணன் மூவரும் கம்பி, ஆணி, துளைபோடும் மெஷினோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். அன்றுதான் அவரை நான் முதல்முதலில் பார்த்தேன். அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் பேசும்போது முழுசாகத் திரும்பிக் கேட்கிற பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி சார் சொல்லாத நாளே கிடையாது. உங்க கீரைக்கூட்டு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியும்" என்றார். எனக்குக் கோபம் பாதி அங்கேயே போய்விட்டது.

ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாக ஒரு ஜோடி ஆண் செருப்பு இருந்தது. பழசு. ஆனால் தூசு துரும்பில்லாமல் துடைத்து வைத்திருந்தார். ஸ்டூல் போட இடம் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் காலால் தள்ளப்போனார். அண்ணன் அவரைத் தடுத்து, குனிந்து, இரண்டு கையாலும் செருப்பை எடுத்துக் கதவோரம் வைத்தார். வேலை முடிந்து, சுண்ணாம்புத் தூளைப் பெருக்கிவிட்டு, அவற்றை மறுபடி எடுத்துவந்து இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால். அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு பார்க்க முடியாமல் திரைச்சீலையை இழுத்து மூடிப் பார்க்கிறேன் என்று போய்விட்டேன். அறை கும்மிருட்டானது.

திரும்பி வரும் வழியில் என் வீட்டுக்காரர், "மச்சான், நீங்க செய்யறது எனக்குப் புரியல" என்றார்.

"எனக்கும்தான்" என்றார் அண்ணன்.

எதிர்த்தெரு டாக்டர் கேட்காமலே ஒரு உதவி செய்தார். இந்தப் பெண் வெளிச்சத்தின் முன்னால் உட்காரக் கூடாது என்று நன்றாக விளக்கி எழுதிக் கொடுத்தார். மேனேஜரம்மா அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார். தலைவலி குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அந்தப் பகுதிக்குச் சாப்பாட்டு நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் காண்டீனில் ஒன்றாகச் சாப்பிடுவதும் எப்போதாவது ஒரு வாரம் என்று ஆகிப்போனது. அண்ணன் இதற்காக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதுதானே நடந்தது என்றார். சொல்லும்போது தட்டில் சோற்றைக் கோடுகோடாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம், விடுமுறை நாளொன்றில், மத்தியானம் வீட்டுப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மிகவும் மெல்லிய குரல். "சார் இருக்காரா?"

கூப்பிட்டேன். அண்ணன் மாடியிலிருந்து இறங்கிவந்து வாங்கினார். "சொல்லுங்க" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ இரண்டு வார்த்தை கேட்டார், அதோடு சரி. நான் பாத்திரம் தேய்த்து முடித்தேன், துணி மடித்தேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணைத் தரையில் நட்டு நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் வைத்தார்.

"என்னவாம்?"

"தலைவலியாம்."

"இன்னிக்கு லீவுதானே? லீவு நாள்ல யார்கிட்ட என்ன சொல்லணும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். லீவுக்காக இல்ல, யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சுன்னாங்க."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"அவங்க அப்புறம் பேசல. நானும் பேசல. வெச்சுடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அப்படியே இருங்கன்னாங்க. இருந்தேன். தூங்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். மூச்சு சீரா வந்துச்சு."

அண்ணன் தண்ணீர் எடுத்துக் குடித்தார். முகத்தில் எதுவும் இல்லை, காது மட்டும் போன் அழுத்தி அழுத்திச் சிவந்திருந்தது. அவர் மறுபடி மாடிக்குப் போகாமல் போன் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து, கதைப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டார்.

கப்பல்காரரைப் பற்றித் தகவல் எதுவும் இன்றுவரை வரவில்லை. அவர் வரவேண்டும் என்று நான் நினைக்கிறேனா, வரக்கூடாது என்று நினைக்கிறேனா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன்.

"வந்துட்டா அவங்க நல்லா இருப்பாங்க" என்றார்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"இந்த வாரம் அவங்களுக்கும் எனக்கும் ஒரே சாப்பாட்டு நேரம்" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு ஒரு முட்டை கூடுதலாக வைக்க முடியுமா என்று கேட்டார்.